வெரென்தாலை எத்தனையாக வெட்டுவது

வெரென்தால் மருந்துக் கம்பெனியை இரண்டாக வெட்டுவதா மூன்றாக வெட்டுவதா என்று முடிவு செய்ய, பாசல் நகரத்துப் பெரிய மண்டபத்தில் நாலாயிரத்து இருநூறு பங்குதாரர்கள் கூடினார்கள். இரண்டுக்கு ஆதரவாகப் பேச விரும்புகிறவர்களுக்குச் சிவப்புச் சீட்டு வைத்திருந்தார்கள். மூன்றுக்கு நீலச் சீட்டு. வெட்டவே வேண்டாம் என்று நினைக்கிற ஆளுக்கு என்ன நிறம் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்படி ஓர் ஆள் இருக்கக்கூடும் என்று தோன்றினால்தானே யோசிப்பதற்கு.

எங்கள் ஊரில் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டம் என்பது ஏறக்குறைய ஒரு திருவிழா. அழைப்பிதழைக் காட்டினால் டிராமுக்குச் சீட்டு வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாட்டிய சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் இலவசம். வாசலைத் தாண்டும்போது கையில் ஒரு பரிசுப் பை. இதற்காகவே ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே ஒரு பங்கு வாங்கி வைத்திருக்கும் ஓய்வுக்காரர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தின் கதவு கடைசி வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் திறக்கும். இந்த விதியை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவனுக்குச் சிலை வைக்கலாம். பசியோடு இருக்கிறவன் தானும் கேள்வி கேட்பதில்லை, பக்கத்திலிருக்கிறவனையும் கேட்க விடுவதில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் எங்கள் ஊரில் இத்தனை காலமாக அமைதியாக நடந்துவருவது இப்படித்தான்.

வெர்னர் கீசின் சாப்பாட்டுக்காக வரவில்லை. எழுபத்திரண்டு வயது. வெரென்தாலின் மாத்திரை பேக்கிங் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். மாத்திரை அட்டையையும், நாலாக மடித்த விளக்கத் தாளையும் சேர்த்து டப்பாவுக்குள் தள்ளுகிற இயந்திரம் அவருடையது. தாள் இல்லாமல் ஒரு டப்பா மூடிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி அந்த டப்பாவை வெளியே எடுக்க வேண்டும். முப்பத்து நான்கு வருஷமும் அதைத்தான் செய்தார், ஒழுங்காகச் செய்தார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், கம்பெனி கொடுத்த பங்குகள் நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. ஆனாலும் கூட்டத்துக்கு ஒருமுறைகூட அவர் வந்ததில்லை.

இந்த முறை வந்ததற்குக் காரணம் அவர் மனைவி எல்ஸ்பெத். ஒன்பது வருஷமாக அவளுக்குத் தசை தளர்கிற நோய். மருந்து இல்லாவிட்டால் முதலில் இமை விழும். அடுத்து, மென்றுகொண்டிருக்கும்போதே தாடை நின்றுவிடும். அதற்கும் அடுத்தது தொண்டை, அதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசுவதில்லை. தோரமின் என்ற மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒன்றைப் போட்டுக்கொண்டால் எல்ஸ்பெத் மற்றவர்களைப் போலவே சாப்பிடுவாள், மற்றவர்களைவிட அதிகமாகவே பேசுவாள். தோரமினைச் செய்வது வெரென்தால் ஒன்றுதான். வெர்னரின் பழைய இயந்திரத்தில்தான் இன்றும் அதை டப்பாவில் அடைக்கிறார்கள். எங்கள் நாட்டில் அதைச் சாப்பிடுகிறவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் மருந்துக்கடைப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "கம்பெனி பிரியற வரைக்கும் இது வருமா வராதான்னு சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கு, கீசின் சார். என்கிட்ட இருக்கிற மூணு டப்பாவையும் உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன்."

கூட்டத்துக்குக் கிளம்பிய காலையில் எல்ஸ்பெத் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: 'தோரமின் எந்தக் கம்பெனிக்குப் போகிறது?'

"இத மட்டும் கேளு, வெர்னர். நன்றி சொல்ல ஆரம்பிச்சிடாத."

"நான் ஏன் நன்றி சொல்லப் போறேன்?"

"நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட. எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்க வந்துட்டு, காபிக்கு நாலு தடவ நன்றி சொல்லி, பொண்ணு கேக்காமலே எழுந்து போனவன்தானே நீ. அப்புறம் நான்தான் தெருவுல ஓடி வந்து உன்னைப் பிடிச்சேன்."

அது உண்மைதான். வெர்னர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மண்டபத்தின் முன்கூடத்தில் பேசுகிறவர்கள் பெயர் கொடுக்கும் மேஜை இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஹான்ட்ஷின் என்ற பெண், நாள் முழுக்கச் சிரிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், சிரித்தாள்.

"சிவப்பா, நீலமா சார்?"

"எனக்கு ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்."

"கேக்கலாமே. சிவப்புக் கேள்வியா, நீலக் கேள்வியா?"

"ரெண்டும் இல்லம்மா. ஒரு மாத்திரையப் பத்தி."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். வெள்ளைச் சீட்டு ஒன்று கிடைத்தது. "இதரன்னு ஒண்ணு இருக்கு. ஆனா இதரவெல்லாம் வாக்கெடுப்பு முடிஞ்ச பிறகு. அப்ப எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க. தலைவரும் போயிருப்பார். நான் இருப்பேன், என்கிட்ட கேக்கலாம்."

"உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா குறிச்சு வெச்சுக்குவேன்." அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீலத்த எடுத்துக்குங்க. நிர்வாகம் சொல்ற பக்கம் அது. அதுக்குப் பேச ஆள் குறைச்சல், சீக்கிரம் கூப்பிடுவாங்க. மைக் கிடைச்சதும் உங்க மாத்திரையக் கேட்டுடுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். வெர்னர் அவளுக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு, மூன்றாக வெட்டுவதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் பட்டியலில் ஆறாவது ஆளாகத் தன் பெயரை எழுதினார்.

உள்ளே ரோலி டொம்மன் இடம் பிடித்து வைத்திருந்தான். பாய்லர் பிரிவில் வேலை பார்த்த பழைய கூட்டாளி. கோட்டின் உள்பையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? கதவுக்குப் பக்கமா உக்காந்தாத்தான் முதல் பந்தி," என்றான் ரோலி. "போன மாசம் சிமென்ட் கம்பெனிக்குப் போனேன். வெறும் சாண்ட்விச். அதுவும் நேத்து வெட்டினது. பேங்க்ல இப்ப தண்ணி மட்டும்தான். வெரென்தால்தான் இன்னும் மனுஷன மனுஷனா மதிக்குது."

"பிரிச்சிட்டா?"

"பிரிச்சா ரெண்டு கூட்டம், ரெண்டு சாப்பாடு. மூணாப் பிரிச்சா மூணு. நான் நீலம்," என்றான் ரோலி. அன்றைக்குக் கேட்ட வாதங்களில் ஓரளவு பொருள் இருந்தது அதில்தான்.

பத்து மணிக்குத் தலைவர் டாக்டர் பிஷோஃப் மேடை ஏறினார். எட்டுத் தலைமுறையாக இந்த ஊரில் கௌரவமாக இருந்துவரும் குடும்பம். வேறு எந்த வேலையும் அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

"மதிப்புக்குரிய பங்குதாரர்களே, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு, மூணு கம்பெனிகள ஒண்ணாச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். ஒற்றுமைதான் நமக்கு மருந்துன்னு சொன்னேன். அன்னிக்கு அது உண்மை. இன்னிக்கு மூணாப் பிரிக்கச் சொல்றேன். இதுவும் உண்மை. உண்மைக்கும் காலாவதி தேதி உண்டு, மருந்துக்காரங்க நாங்க அதை மறைக்கிறதில்ல." கைதட்டல். "சேர்த்ததுக்கு எனக்கு ஒரு ஊக்கத்தொகை குடுத்தீங்க. பிரிக்கிறதுக்கும் ஒண்ணு குடுக்கறதா இருக்கீங்க. இது ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துப் பாக்கறது சரியில்லன்னு சம்பளக் குழு கருதுது. நானும் அந்தக் குழுவுல இருக்கறதால அந்தக் கருத்து எனக்கு நல்லாப் புரியுது."

அடுத்து டிரெலோனி. கடல் கடந்து வந்த ஒரு முதலீட்டு நிதியின் ஆள். கம்பெனியின் நூற்றில் நாலு பங்கை வாங்கிவிட்டு, நாலு மாதமாகப் பத்திரிகைகளில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண் எங்கள் காதுக் கருவியில் தாலாட்டுவது போல மெல்லச் சொன்னாள்.

"வெரென்தாலை நான் ரொம்ப நேசிக்கிறேன். நாலு மாசமா நேசிக்கிறேன். அதனாலதான் மனசு கேக்கல. இந்தக் கம்பெனிக்கு எல்லா நோய்லயும் அக்கறை இருக்கு. அதுதான் இதோட நோய். ஒரு கம்பெனி நோயாளியவே பாத்துக்கிட்டிருந்தா, பங்கை யார் பாத்துக்கறது? தலைவர் மூணுன்னு சொல்றார். மூணுங்கறது கோழைத்தனம். ரெண்டுங்கறதுதான் தீர்வு. ஏன் ரெண்டுன்னு கேப்பீங்க. எங்ககிட்ட இருக்கிற கணக்குல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

இரண்டு தரப்புக்கும் ஆலோசனை சொன்னது ஒரே நிறுவனம்தான். இரண்டாவது மாடி டிரெலோனிக்கு, மூன்றாவது மாடி பிஷோஃபுக்கு. நடுவில் ரகசியச் சுவர் இருக்கிறது என்றார்கள், மாடிகளுக்கு நடுவில் சுவர் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் நிபுணர் மேடையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டத்தை இரண்டாக வெட்டினால் மதிப்பு கூடியது. மூன்றாக வெட்டினால் இன்னும் கூடியது. முன்வரிசையில் ஓர் ஓய்வூதிய நிதிக்காரர் ஆர்வம் தாங்காமல் எழுந்து, பதினாறாக வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். நிபுணர் நெற்றியைச் சுருக்கி, அதற்குத் தனிக் கட்டணத்தில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்றார். பிஷோஃப் அதைக் குறித்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டரை ஆகியது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவிடுக்கு வழியாக வாட்டிய இறைச்சியின் வாசனை வந்தது. இந்த நேரத்துக்குச் சரியாக அந்தக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைக்க ஒரு பணியாள் இருக்கிறான் என்று ரோலி சொன்னான். மண்டபத்தில் ஒரு முனகல் பரவியது. மேடைக்குப் பக்கத்தில் பேச்சாளர்களுக்கான விளக்கு ஒன்று இருந்தது, நேரம் இருக்கிறவரை பச்சை, முடிந்தால் சிவப்பு; பதில் வரும்வரை காத்திருக்கிற நேரம் கணக்கில் சேராது. ஐந்து நிமிஷமாக இருந்த பேச்சு நேரத்தை இரண்டு நிமிஷமாகக் குறைக்கலாமா என்று தலைவர் கேட்டார். அத்தனை கைகளும் உயர்ந்தன.

"நீலம், ஆறு. வெர்னர் கீசின்."

வெர்னர் மேடைக்குப் போனார். எல்ஸ்பெத்தின் தாளைப் பிரித்துவைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. எதிரே நாலாயிரம் முகங்கள். முப்பத்து நான்கு வருஷம் இயந்திரத்தின் முகத்தைப் பார்த்து வேலை செய்த மனுஷனுக்கு வாய் தானாக ஓடியது.

"முதல்ல வெரென்தாலுக்கு நான் மனசார நன்றி சொல்லணும். முப்பத்து நாலு வருஷம் சோறு போட்ட கம்பெனி. என் மனைவி இன்னிக்கு உயிரோட இருக்கான்னா அதுக்கும் வெரென்தால்தான் காரணம்..." பிறகுதான் அவருக்குத் தாள் நினைவுக்கு வந்தது. "என் மனைவி தோரமின் சாப்பிடறா. அது எந்தக் கம்பெனிக்குப் போகுது? அதான் கேள்வி."

மேடைக்குப் பின்னால் திரைமறைவில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல்கள், கணக்கர்கள், துறைத் தலைவர்கள். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் எழுதி, தலைவரின் முன்னால் இருக்கும் திரைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அந்த அறுபது பேரில் தோரமின் என்ற பெயரை அதற்கு முன் கேட்டிருந்தவர் ஒருவர்தான், அவரும் மருந்துக்கடையில் கேட்டிருந்தார். ஒரு நிமிஷம் கழித்துத் திரை ஒளிர்ந்தது. பிஷோஃப் வாசித்தார்.

"கீசின் சார், உங்க கேள்விதான் இன்னிக்குக் கேட்ட கேள்விகள்லயே ரொம்ப முக்கியமானது. நோயாளிதான் எங்களுக்கு முதல். தோரமின் முதல் கம்பெனில இல்ல. அங்க பத்து வருஷத்துக்குள்ள கண்டுபிடிச்ச மருந்து மட்டும்தான். ரெண்டாவதுல இல்ல. அது சளி மிட்டாயும் பற்பசையும். மூணாவதுல இல்ல. அது ஆடு மாடு, நாய் பூனைக்கு."

கீழேயிருந்து ரோலி கத்தினான். "மாட்டுக்குக் குடுத்தா சேத்துக்குவாங்களான்னு கேளு, வெர்னர்!"

ரோலி கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் வெர்னருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

"மாட்டுக்கும் குடுக்கலாம்னா, மூணாவதுல சேருமா ஐயா?"

யாரும் சிரிக்கவில்லை. திரைமறைவில் அறுபது பேரும் இதை எடுத்துக்கொண்டார்கள். கால்நடைப் பிரிவுத் தலைவருக்குத் தொலைபேசி போனது. முழுசாக மூன்று நிமிஷம் ஆனது. கீழே ஒரு பெண்மணி தன் கைக்கடிகாரத்தை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள். பிறகு பிஷோஃப் வாசித்தார். "பரிசீலிச்சோம். அதுக்குச் சந்தை கிடையாது. தசை தளர்ந்த மாட்டை எந்த விவசாயியும் வெச்சுக்கிறதில்ல."

வெர்னர் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த நிர்வாகக் குழுவினர் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அதில் எதுவும் விகாரமாகத் தெரியவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார்.

"அப்ப அது எங்கதான் போகுது?"

"நாலாவது கம்பெனிக்கு."

மண்டபத்தில் சலசலப்பு. நாலாவதைப் பற்றி இதுவரை யாருக்கும் தெரியாது. டிரெலோனி காதுக் கருவியை அழுத்திப் பிடித்தார்.

"வெரென்தால் மரபுன்னு பேரு. சூக் நகரத்துல பதிவாயிருக்கு. எங்கயும் சேராத பொருள்களோட செய்முறை, பேரு, உரிமை எல்லாம் அங்க பத்திரமா இருக்கும்."

"அங்க மாத்திரை செய்ய யார் இருக்கா?"

"ஆள் யாரும் இல்ல. ஒரு தபால் பெட்டி இருக்கு. செய்யறது அதோட நோக்கம் இல்ல."

"வேற யாராவது செஞ்சு விக்கலாமா?"

"உரிமை பத்திரமா இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன்," என்றார் பிஷோஃப், கொஞ்சம் வருத்தத்தோடு. தன் சொந்த வார்த்தையில் அவர் பேசிய வாக்கியம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

"அப்ப நிறுத்தப் போறீங்கன்னு சொல்லுங்களேன்."

"நிறுத்தறோம்னு யாரும் சொல்லலயே. தோரமினை நாங்க என்னிக்கும் நிறுத்த மாட்டோம். அது எங்க மரபு."

டிரெலோனி தன் இருக்கையிலிருந்தே கையை உயர்த்தினார். தாலாட்டுக் குரல் சொன்னது: "இந்தப் பெரியவருக்கு என் நன்றி. நாலு மாசமா நான் சொல்லிட்டிருக்கறத ரெண்டு நிமிஷத்துல நிரூபிச்சிட்டார். ஒரு பெண்மணிக்காக ஒரு இயந்திரம் ஓடிட்டிருக்கு. அந்தச் சுமைய இறக்கி வைக்கணும்."

"ஒரு பெண்மணி இல்ல," என்றார் வெர்னர். "இருநூத்திப் பதினோரு..."

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் அணைந்தது. அவர் வாய் அசைந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பின்வரிசையிலிருந்து யாரோ, "போதும் பெரியவரே, சாசேஜ் கருகுது!" என்று கத்தினார்கள். அதற்குத்தான் அன்றைக்கு மிகப் பெரிய கைதட்டல் கிடைத்தது. நானும் அங்கே இருந்தேன். நான் கைதட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எழுந்து நிற்கவும் இல்லை.

அதற்குள் பிஷோஃபும் டிரெலோனியும் மேடை ஓரத்தில் தலையோடு தலை சேர்த்துப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். இணக்கம் ஏற்பட்டுவிட்டது. முதலில் இரண்டாக வெட்டுவது, பதினெட்டு மாதம் கழித்து அதில் ஒன்றை மறுபடி இரண்டாக வெட்டுவது. டிரெலோனிக்கு இரண்டு கிடைத்தது, பிஷோஃபுக்கு மூன்று கிடைத்தது. ஊக்கத்தொகை இரண்டு வெட்டுக்கும் தனித்தனி. இருவரும் கைகுலுக்கினார்கள்.

வாக்களிக்கும் கருவி எல்லோர் கையிலும் இருந்தது. ஒன்றை அமுக்கினால் இப்போதே ஆதரவு. இரண்டை அமுக்கினால் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு ஆதரவு. ரோலிக்குப் பக்கத்தில் திரும்ப வந்து உட்கார்ந்த வெர்னர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்ல எதுடா?"

"ஏதாவது ஒண்ண அமுக்குடா. எல்லாரும் அமுக்கினாத்தான் கதவு திறப்பான்."

வெர்னர் எதையும் அமுக்கவில்லை. அமுக்காத வாக்குகள் நிர்வாகத்தின் பரிந்துரைக்கு ஆதரவாகவே கொள்ளப்படும் என்று அழைப்பிதழின் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. ஆக அவருடைய நூற்றுப் பன்னிரண்டு பங்குகளும் ஆதரித்தன. திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. அது வருவதற்கு முன்பே நாற்காலிகள் காலியாகிவிட்டன.

ரோலி இரண்டு பேருக்கு உண்டான சாசேஜை வாங்கி, தன் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதை அப்படியே வெர்னர் கையில் திணித்தான். "எல்ஸ்பெத்துக்குக் குடு. கடுகு விழுதும் வெச்சிருக்கேன்." முப்பது வருஷமாக அந்த டப்பாவை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. சொல்ல வேண்டியதை அவன் அப்படித்தான் சொன்னான்.

வாசலில் ஹான்ட்ஷின் பரிசுப் பையை நீட்டினாள். "பேசிட்டீங்களா சார்? பாத்தீங்களா, நீலம்னா சீக்கிரம்." அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நேரே வராமல் ஊரைச் சுற்றி நடந்துவிட்டு வெர்னர் வீட்டுக்கு வந்தபோது மாலைச் செய்தி முடிந்திருந்தது. எல்ஸ்பெத் சமையலறையில் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது இமை பாதி இறங்கியிருந்தது.

"நன்றி சொன்னியா?"

வெர்னர் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"வானொலில உன் குரலப் போட்டாங்க," என்றாள் எல்ஸ்பெத். "நோயாளி குடும்பத்துல இருந்தும் ஆதரவுன்னு சொல்லிட்டு. மனசார நன்றி, வெரென்தாலாலதான் என் மனைவி உயிரோட இருக்கா. அதோட நிறுத்திட்டாங்க. நல்லாத்தான் பேசியிருக்க."

"கேள்வியும் கேட்டேன், எல்ஸ்பெத்."

"எந்தக் கம்பெனி?"

"நாலாவது. அதுல ஒரு தபால் பெட்டி இருக்கு."

மாட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "பையில என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

அவரும் அதுவரை பார்க்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு மாத்திரை வைக்கிற அளவுக்குப் பள்ளம், மூடியின் அடிப்பக்கத்தில் ஒரு பிளேடு. மாத்திரையை வைத்து மூடியை அழுத்தினால் சரிபாதியாக வெட்டிக் கொடுக்கும் கருவி. மேலே நீல எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'வெரென்தால். பிரிந்தால் பலம்.'

எல்ஸ்பெத் சிரித்தாள். மாலை நேரத்தில் அவள் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து தோரமின் டப்பாவை எடுத்தாள்.

"மூணு டப்பா. பாதி பாதியாப் போட்டா கோடைக்காலம் முடியற வரைக்கும் வரும்."

"அத உடைக்கக் கூடாது, எல்ஸ்பெத்."

"யார் சொன்னா?"

"தாள்ல இருக்கு." டப்பாவுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். விரிக்காமலே அது அவருக்குப் பாடம். "முழுதாக விழுங்கவும். எக்காரணத்தைக் கொண்டும் உடைக்கவோ பிரிக்கவோ கூடாது. முப்பத்து நாலு வருஷம் இந்தத் தாள் இல்லாம ஒரு டப்பா போக விட்டதில்ல நான்."

"அதைப் போட்டவங்கதான் இதையும் குடுத்திருக்காங்க," என்றாள் எல்ஸ்பெத். மாத்திரையைப் பள்ளத்தில் வைத்து மூடியை அழுத்தினாள்.

ஒரு பாதி பாதியாக வந்தது. இன்னொரு பாதி தூளாகிப் போனது. அவள் முழுசாக இருந்த பாதியை அட்டைக்குள் திரும்ப வைத்துவிட்டு, தூளை விரல் நுனியில் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. மேல்பூச்சு இருக்கிறவரை தெரியாத கசப்பு. தோரமின் கசக்கும் என்பது அத்தனை வருஷம் அதைப் பேக் செய்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மணி நேரம் இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, ரோலியின் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்ஸ்பெத் சாசேஜிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி, கடுகு விழுதில் தோய்த்து வாயில் போட்டாள். "நல்லாயிருக்கு," என்றாள். மூன்று முறை மென்றாள். நாலாவது முறைக்குத் தாடை வரவில்லை.

வெர்னர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையை அவள் மோவாய்க்கு அடியில் கொடுத்து, மெல்ல மேலே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். இயந்திரத்தில் வேலை பார்த்த கை. ஒரே சீராக, நிறுத்தாமல், அந்தத் துண்டு முடிகிறவரை அதைச் செய்தார்.